காப்பீட்டு அட்டையா, அரசு மருத்துவமனையா?

தமிழ்நாட்டில் ஏழைகளின் மருத்துவச் செலவை அரசு இரண்டு வழிகளில் ஏற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை தானே நடத்தி இலவசமாகச் சிகிச்சை அளிப்பது ஒரு வழி. குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டை வழங்கி, தனியார் மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கும் பணம் கட்டுவது இன்னொரு வழி. பின்னது 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. இரண்டில் எது சிக்கனம் என்று நிறையவே விவாதித்துவிட்டோம். வாசலில் நிற்கும் நோயாளி எதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு மருத்துவமனையில் பெயரையும் வயதையும் சொன்னால் ஓ.பி. சீட்டு கிடைத்துவிடும், வருமானத்தை யாரும் விசாரிப்பதில்லை. காப்பீட்டு அட்டைக்கோ குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் தேவை. அதாவது மாதம் 10,000 ரூபாய். 11,000 ரூபாய் சம்பாதிக்கும் கட்டடத் தொழிலாளியை வசதியானவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் விதிப்படி அவர் வெளியே நிற்கிறார். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். விரும்பினால் வரம்பைத் தளர்த்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது, எந்த நோய்க்கு எந்த வழி உதவுகிறது என்பது. காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கானது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும் மாத்திரைகள் அதற்குள் வருவதில்லை. ஏழைக் குடும்பத்தின் பணம் மாதந்தோறும் கரைவதோ அங்கேதான். அந்த மாத்திரைகளை, 1995 முதல் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பிவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாட்டால், அரசு மருத்துவமனைதான் தருகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

இதய அறுவை, புற்றுநோய் போன்றவற்றில் காப்பீட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் வரிசை நீளும்போது காத்திருக்க முடியாதவருக்கு அட்டை இன்னொரு கதவைத் திறக்கிறது. ‘இலவசம்’ என்று நாம் சொல்லும் சிகிச்சைக்கும் நாள்கூலி இழப்பு, துணைக்கு வந்தவரின் சாப்பாடு, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் கையில் வைக்கும் பணம் என்று விலை உண்டு. அரசு மருத்துவமனையை ஆதரிப்பவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். அரசு மருத்துவமனைகளும் இதே காப்பீட்டில் தொகை கோரிப் பெறுகின்றன என்பதால், அட்டையால் தனியாருக்கு மட்டுமே லாபம் என்பதும் சரியல்ல.

ஆயினும் கூடுதலாக ஒரு ரூபாய் கிடைத்தால் அது முதலில் அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பேன். படுக்கை இல்லை என்று அவசர சிகிச்சையை மறுப்பது வாழ்வுரிமையை மீறும் செயல் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அரசு மருத்துவமனைகள் கைவிட்ட ஒருவரின் வழக்கில்தான். ஆக, அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சை கேட்பவருக்கு இருப்பது உரிமை. அட்டைதாரருக்கு இருப்பதோ ஒரு திட்டத்தின் பயன். அதன் எல்லையை அரசாணை ஒன்றே மாற்றிவிடும்.

நிரூபிக்கச் சொல்லாமலே தனியாருக்கும் பணம் கட்ட முடியும் என்பதை 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் காட்டியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராயினும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு அரசே பணம் கட்டுகிறது. அதன்பின் அட்டை உள்ளவர் காப்பீட்டில் அங்கேயே தொடரலாம். இல்லாதவர் சொந்தச் செலவில் தொடர வேண்டும், அல்லது அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும்.