பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பவர் விண்டோ: வயரை மாற்றுவதா, ரெகுலேட்டரையே மாற்றுவதா?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்திருந்தபோது பனிமூட்டத்தோடு மழையும் சேர்ந்துகொண்டது. இறக்கி வைத்திருந்த ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மேலே ஏற மறுத்தது. சுவிட்சை அழுத்தியதும் கதவுக்குள் மோட்டார் சுற்றுவதும், ஏதோ நறநறவென்று அரைபடுவதும் கேட்டனவே தவிர, கண்ணாடி அசையவில்லை. கார் என் அண்ணனுடையது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டு, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட இரண்டு இருக்கை வண்டி. மாஸ்டா நிறுவனம் இந்தியாவில் இதை விற்றதே இல்லை என்பதால், சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி உதிரிபாகம் தேடுவதில் பயனில்லை. அந்த மழை நாளுக்குப் பிறகு இரண்டு மாதங்கள் ஒவ்வொரு வழியாக விசாரித்தும் சிலவற்றைச் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தக் காரில் கண்ணாடியை ஏற்றி இறக்குவது ஒரு மெல்லிய எஃகு வயர். மோட்டாரின் புழுப் பல்சக்கரம் (திருகுபோன்ற தண்டால் சுழலும் பல்சக்கரம்) ஒரு சிறிய டிரம்மைச் சுழற்றுகிறது. டிரம்மில் சுற்றிய வயர் மேலும் கீழும் உள்ள வளைவுகளைச் சுற்றிச் சென்று, கண்ணாடியைத் தாங்கும் துண்டை இழுக்கிறது. டிரம், வயர், அவற்றைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்த இந்த அமைப்புதான் ரெகுலேட்டர். புழுப் பல்சக்கரத்தைக் கண்ணாடியின் எடை பின்னோக்கிச் சுழற்ற முடியாது. அதனால்தான் நல்ல நிலையில் உள்ள கண்ணாடி எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறது. வயர் அறுந்துவிட்டால் மட்டும் பிடிப்பில்லாமல் கீழே சரிகிறது. டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கறுப்புப் பசையோடு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மெல்ல உரித்தபோது, டிரம்மின் ஓரத்தில் வயரின் இழைகள் பிரிந்து முட்களாக நின்றிருந்தன. கிரீஸ் பழுப்பேறி, உருகி ஆறிய மெழுகுபோல இறுகியிருந்தது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன், கோளாறு இயந்திரத்தில் இருக்கிறதா மின்சாரத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்ப் பணத்தை இழக்கிறார்கள். இந்தக் காரில் பேட்டரி பின்பக்க டிக்கியில் இருக்கிறது. அங்கிருந்து மின்சாரம் முன்பக்க ஃபியூஸ் பெட்டிக்குச் சென்று, நடு கன்சோலில் உள்ள சுவிட்சுக்குத் திரும்பி வந்து, கதவின் கீல் பக்க ரப்பர் குழாய் வழியாக மோட்டாரை அடைகிறது. மோட்டாரின் முழுச் சுமையும் அந்தச் சுவிட்சின் சிறிய தொடுமுனைகள் வழியாகவே போகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டிய மல்டிமீட்டர், அடுத்த கதவின் கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கையில் மோட்டார் முனையில் 9.6 வோல்ட்தான் காட்டியது. நான்கைந்து வினாடிகளில் ஏற வேண்டிய அந்தக் கண்ணாடி 11 வினாடி எடுத்துக்கொண்டதற்கு இந்த இழப்பே முதன்மைக் காரணம். மோட்டாரை மாற்றியிருந்தாலும் அது சரியாகியிருக்காது.

ஆகவே, வயர் அறுபடாமல் கண்ணாடி மெதுவாக மட்டும் ஏறுகிறது என்றால், சுவிட்சின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்வதும், இறுகிய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் இடுவதும், தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்களை மாற்றுவதும் போதும். கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலுக்குக் கிரீஸ் ஆகாது, சிலிகான் ஸ்பிரே மட்டுமே ஏற்றது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிலே இணைக்கலாம். சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, மோட்டாரின் முழுச் சுமையைத் தானே தாங்கும் மின்விசை அது. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ரிலே போட்டுப் பழகிய எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் கதவுக்கு இரண்டாக ஐந்து முனை ரிலேக்களைப் பொருத்தித் தருவார். ஆனால் ஏற்காட்டு ஈரத்தில் ஓடும் வண்டிக்கு ரிலேக்களைக் கதவுக்குள் வைக்க விடாமல், டாஷ்போர்டுக்குக் கீழே உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

வயர் பிரிந்துவிட்டாலோ அறுந்துவிட்டாலோதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. முதல் வழி, முழு ரெகுலேட்டரையும் புதிதாக வரவழைப்பது. அளவெடுக்கும் தொல்லை இல்லை, அரை நாளில் வேலை முடியும். ஆனால் சந்தையில் கிடைக்கும் மலிவான மாற்றுத் தயாரிப்புகளில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, பிளாஸ்டிக் துண்டுகள் பழையதைவிட மெல்லியதாக இருந்தன. சட்டத்தின் தகடும் விரலால் அழுத்தினால் வளைந்தது. முப்பது ஆண்டு உழைத்த மூலப் பாகத்தை வீசிவிட்டு இதைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. சுங்கத்தீர்வையும் கூரியர் செலவும் சேர்ந்தால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இரண்டாவது வழி, வெளிநாட்டில் உடைக்கப்பட்ட கார்களிலிருந்து பழைய ரெகுலேட்டர் வாங்குவது. தரம் அசல்தான் என்றாலும், அதிலும் அதே வயதான வயரும் அதே இறுகிய கிரீஸும்தான் இருக்கும். வாங்கியபின் எப்படியும் பிரித்து வேலை பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியே என் தேர்வு: வயரை மட்டும் புதிதாகச் செய்வது. பழைய பேருந்து நிலையம் பக்கத்தில், இருசக்கர வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் கேபிள் செய்து தரும் கடை ஒன்றுக்குப் பழைய வயரை எடுத்துச் சென்றேன். கிளட்ச் வயரையே வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரப் பெரியவர் ஒரு கிளட்ச் வயரை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது பைக்குக்குப் போற வயருங்க தம்பி, விறைப்பா நிக்கும். உங்க டிரம்மு இத்தனூண்டு இருக்குது. ரெண்டு மாசத்துல பிரிஞ்சு போயிருங்க” என்றார். அவர் சொன்னதன் பின்னால் தெளிவான காரணம் உண்டு. கிளட்ச் வயரில் பெரும்பாலும் 19 தடித்த கம்பிகள் ஒரே முறுக்காக இருக்கும். நேராக இழுக்க அது சிறந்தது. சிறிய டிரம்மில் மீண்டும் மீண்டும் வளைய வேண்டிய இடத்தில், ஏழு இழைகளாக, இழைக்கு ஏழு கம்பிகள் என மொத்தம் 49 நுண்கம்பிகள் கொண்ட வயர்தான் தாங்கும். பழைய வயரின் அதே 1.5 மில்லிமீட்டர் தடிமனில் அந்த வகையை ஒயர் ரோப் விற்கும் கடையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் வயரை நாடுவது இங்கே தவறு, ஏனெனில் அதில் ஈயம் எளிதில் பிடிக்காது. துத்தநாகப் பூச்சுள்ள வயரின் நுனியைப் பூப்போல விரித்து, வயரின் முனையில் பூட்டும் பித்தளைக் குமிழான நிப்பிளுக்குள் இறக்கி, உருகிய ஈயத்தில் பெரியவர் அதை முக்கியெடுத்தார். ஆறியபின் குறட்டில் பிடித்து முழு பலத்தோடு இழுத்துக் காட்டினார். நீளம்தான் இந்த வழியின் கடினமான பகுதி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினாலும் வயர் தளர்ந்து டிரம்மை விட்டு நழுவும். குறைந்தால் பூட்டவே முடியாது. பிரிந்த வயர் இழுபட்டு நீண்டிருக்கக்கூடும் என்பதால் அதை நம்பாமல், அறுபடாத அடுத்த கதவின் வயரைக் கழற்றி அதை வைத்து அளந்தோம். இரண்டு கதவுகளுக்கும் சேர்த்து ஆன செலவு 700 ரூபாய்.

உள்ளூர்க் காரின் மோட்டாரையும் ரெகுலேட்டரையும் லேத் பட்டறையில் தகடு வெட்டிப் பொருத்தலாம் என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. கதவின் உள்தகட்டில் புதிய துளை போட்டால் அங்கே துரு பிடிக்கத் தொடங்கும். பின்னாளில் அசல் பாகம் கிடைத்தாலும் திரும்ப முடியாது. கையால் சுற்றும் கைப்பிடிக்கு மாறுவது அதைவிட மதிப்பான யோசனை. இதே காரின் அடிப்படை வகைகளில் அப்படித்தான் வந்தது. எடையும் குறையும், வயரிங் தொல்லையும் போகும். அதற்குரிய டோர் பேடும் சேர்ந்து கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

எந்த வழியில் போனாலும் ஒன்றில் கவனம் தேவை. இந்தக் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. மேல் விளிம்பு துணிக் கூரையின் ரப்பரில் நேரடியாகப் போய் அமர்கிறது. கழற்றும் முன் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும்போது கண்ணாடி சரியாதபடி அகன்ற டேப்பால் கதவோடு ஒட்டி நிறுத்த வேண்டும். நாங்கள் முதல்முறை இறுக்கியபோது பின் மூலை இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது, தண்ணீர் ஊற்றியதும் தோளில் சொட்டியது. மேல் எல்லையை நிறுத்தும் போல்ட்டைத் தளர்த்தி, கூரையை மூடி, கண்ணாடியை ரப்பரோடு அமரவைத்த நிலையிலேயே திரும்ப இறுக்கியபின் சொட்டுவது நின்றது.

வயர் மாற்றுவதைவிட முழு ரெகுலேட்டர் சிறந்தது என்று நான் ஒப்புக்கொள்ளும் நிலை ஒன்றுண்டு: டிரம்மின் பள்ளங்களில் விரிசல் விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல வயரும் அந்த விளிம்பில் உரசி மீண்டும் பிரியும். ஆகவே பழைய வயரை எடுத்த கையோடு டிரம்மைத் துடைத்து, வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்துவிட்டே கேபிள் கடைக்குக் கிளம்ப வேண்டும்.