கல்லைப் பற்றி வளர்ந்த எல்ம் மரத்துக்கு மறுவடிவம்: ஒரு போன்சாய்ச் சேவையின் மதிப்புரை

11 ஆண்டுகளாக என்னிடம் வளர்ந்துவரும் சீன எல்ம் போன்சாய் ஒன்றை, அதன் செயற்கைத் தோற்றத்தை நீக்கி இயல்பான மரமாக மாற்றித் தரும்படி, மறுவடிவமைப்பைத் தனிச் சேவையாகச் செய்துவரும் ஒரு போன்சாய்க் கூடத்திடம் ஒப்படைத்திருந்தேன். வேலை தொடங்கி இரண்டு வளர்பருவங்கள் கடந்துவிட்டன. கிளைகளை வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றிய அன்று எந்த மரமும் அழகாகவே தெரியும் என்பதால், கம்பியை எடுத்து, புதுத்துளிர்கள் ஓடிய பிறகும் வடிவம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

மரம் முன்பு இருந்த நிலையைச் சொல்லியாக வேண்டும். வேர்கள் கல்லின் மேற்பரப்பைத் தழுவி இறங்கி, கல்லுக்குக் கீழேயுள்ள மண்ணில் ஊன்றும் இவ்வகையை ஜப்பானியர் செகிஜோஜு என்பர். கல்லின் பொந்தில் இட்ட மண்ணிலேயே மரம் வாழும் இஷிட்சுகி இதிலிருந்து வேறானது. என் மரத்தின் வேர்கள் கல்லோடு நன்றாக ஒட்டியிருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலே எழுந்த தண்டு, விற்பனைக்காக வளர்க்கப்படும் எல்ம்களில் வழக்கமாகக் காணும் பாம்பு வளைவோடு நின்றது. கிளைகளோ தட்டையான அடுக்குகளாக, பைன் மரத்துக்கு உரிய முறையில் வெட்டப்பட்டிருந்தன. கீழே மலைச்சரிவில் போராடிப் பிழைத்த மரத்தின் வேர்கள், மேலே அளந்து கத்தரித்த தோட்டச்செடி என்ற முரண்பாடு ஆண்டுதோறும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் சந்திப்பிலேயே அந்தக் கூடத்தின்மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. பணியை மேற்கொண்ட கலைஞர் கிளைகளைத் தொடாமல், கல்லின்மேல் படிந்திருந்த பாசியையும் மண்ணையும் மென்மையான தூரிகையால் நீக்கி, ஒவ்வொரு வேரும் எங்கே தொடங்கி எந்தப் பிளவு வழியாக இறங்குகிறது என்பதை நெடுநேரம் பார்த்தார். வேர்கள் கல்லை இறுகப் பற்றியிருக்கும் பக்கமே மரத்தின் முகமாக, அதாவது பார்ப்பவரை நோக்கும் முன்பக்கமாக, இருக்க வேண்டும் என்று சொல்லி, தொட்டியை ஏறத்தாழ 20 பாகை திருப்பி வைத்தார். பழைய முகத்தில் எனக்குப் பிடித்த ஒரு கிளை பின்புறம் போய்விட்டதால் அன்று மனம் ஒப்பவில்லை. இன்று பார்க்கையில், பாம்பு வளைவின் பாதி அந்தத் திருப்பத்திலேயே மறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மொட்டுகள் விரிவதற்கு முன், குளிர்காலத்தின் கடைசியில் கவாத்து நடந்தது. ஒரே கணுவைச் சுற்றிப் பல கிளைகள் கிளம்ப விட்டால் எல்மில் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். அத்தகைய இரண்டு இடங்களில் ஒரு கிளையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குழிவாக வெட்டும் கத்தரியால் எடுத்து, காயங்களைப் பசையால் மூடினார். மீதமிருந்த கிளைகளைக் கீழ்நோக்கி இழுக்காமல், தண்டிலிருந்து சாய்வாக மேலெழுந்து, பிறகு விரிந்து, நுனியில் மட்டும் சற்றே தாழும்படி அமைத்தார். திறந்த வெளியில் வளரும் அகன்ற இலை மரங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோடு புதிதன்று. இலையுதிர் மரத்தை இலையுதிர் மரமாகவே காட்ட வேண்டும் என்பது, ஐரோப்பாவில் வால்ட்டர் பால் போன்ற கலைஞர்கள் வலியுறுத்திவரும் இயற்கைப் பாணியின் அடிப்படை. அதைப் பேச்சில் மட்டுமன்றி வெட்டிலும் கடைப்பிடித்தவரை நான் நேரில் கண்டது இதுவே முதல்முறை.

தடித்த கிளைகளுக்கு மட்டும் அலுமினியக் கம்பி சுற்றப்பட்டது. மெல்லிய கிளைகளை, தென்சீனத்தின் லிங்னான் மரபில் செய்வதுபோல, வளரவிட்டு வெட்டும் முறையிலேயே திருப்பும்படி எனக்குக் கற்றுக்கொடுத்தார்: துளிர் ஆறேழு இலை விடும்வரை காத்திருந்து, இரண்டு இலைகளை மட்டும் விட்டு வெட்ட வேண்டும், கடைசி இலை எந்தப் பக்கம் நோக்குகிறதோ, அதன் கக்கத்திலுள்ள மொட்டு அந்தப் பக்கமே கிளைக்கும். எல்மின் இலைகள் மாறிமாறி அமைவதால், எந்த இலைக்கு மேலே வெட்டுவது என்ற ஒரு முடிவைக் கொண்டே திசையைத் தேர்ந்துகொள்ளலாம். கம்பியால் கிடைக்காத சிறுசிறு கோணல்கள் இதனால் கிடைத்தன. மரத்துக்கு வயது கூடியதுபோல் தோன்றுவதற்கு அவையே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். கம்பியை எப்போது கழற்றுவது என்பதற்கு எழுத்து வடிவில் எந்தக் குறிப்பும் தரவில்லை. “கவனித்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். வளர்பருவத்தில் எல்மின் கிளை சில வாரங்களிலேயே பருத்துவிடும் என்பதால், இடப்புற முதல் கிளையில் கம்பி பட்டையில் பதிந்து, சுருள் தழும்பு இன்னும் மாறாமல் நிற்கிறது. கம்பியைச் சுற்றுப் பிரித்து எடுக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தால் மொட்டுகள் உடையாது என்பதைக்கூட நானே விசாரித்துத்தான் அறிந்துகொண்டேன். இவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் கூடம், வாரம் ஒருமுறை கம்பியைப் பாருங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

வேர்ப்பணியை அதே நாளில் செய்ய அவர்கள் மறுத்ததை, மாறாக, மனதாரப் பாராட்டுகிறேன். கல்லைத் தொடாமல் வளையம்போல் விலகி நின்ற ஒரு வேரை உடனே வெட்டச் சொன்னேன்; மேலே இவ்வளவு எடுத்த பருவத்தில் கீழேயும் எடுக்கக்கூடாது என்று கலைஞர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு மொட்டுகள் பருக்கும் வேளையில் தொட்டி மாற்றியபோதுதான் அந்த வேர் வெட்டப்பட்டது. வடிகால் மிகுந்த சிறுமணிக் கலவையில் நட்டு, கல்லைத் தொட்டியோடு கம்பியால் அசையாமல் கட்டினார்கள். கல் ஆடினால் புதுவேர்கள் அறுந்துவிடும் என்பதால் இந்தக் கட்டு மிகவும் இன்றியமையாதது. மூன்று வாரங்களில் துளிர் வந்தது.

ஒரே நாளில் முடிந்த மரத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவை ஏமாற்றமாகவே இருக்கும், ஏனெனில் முதல் நாள் வீட்டுக்கு வந்த மரம் பாதி வெறுமையாக, முன்பைவிட எளிமையாகத் தெரிந்தது. நல்ல வேர் அமைந்தும் மேற்பகுதி பொருந்தாத கல்மேல் மரம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இங்கே கொடுக்கலாம். கம்பி கழற்றும் கால அட்டவணையை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மரத்தின் உச்சியில் இன்னும் ஒரு கவை தடித்து நிற்கிறது. வரும் குளிர்காலத்தின் முடிவில் அதைக் குறைப்பதற்கு நாள் குறித்திருக்கிறோம்.