கோலாலம்பூர் மக்களே, வார்டு வாசலில் வரும் "கிளெய்ம் ஏஜெண்டு"களிடம் ஜாக்கிரதை

என் தம்பி லாரி ஓட்டுபவன். கால் முறிந்து, இங்கே ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மாவுக்கட்டு போட்ட அன்று ராத்திரியே வலி தாங்காமல் துடித்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. தாதியிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய விஷயம். போகவிடாமல் செய்தவன் ஒரு ஏஜெண்டு.

வார்டுக்கு வெளியேதான் எங்களைப் பிடித்தான். கழுத்தில் அட்டை, கையில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு. "லாயர் ஃபீஸ் வேணாம்க்கா. ஜெயிச்சா முப்பது பெர்சென்ட், தோத்தா ஒண்ணுமில்ல" என்றான். இப்படி யாராவது பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று மலேசிய வழக்கறிஞர் ஒப்பந்தம் போடவே கூடாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

ஃபீஸ் வேண்டாம் என்றவன், ஃபைல் திறக்க, ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் எடுக்க என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏழாயிரம் வெள்ளி வாங்கினான். கொடுத்த ரசீதெல்லாம் கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது. நிறுவனப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஒரு கிறுக்கல் மட்டும்.

கேஸ் எங்கே என்று கேட்டால், மருத்துவமனை இயக்குநருக்கு அனுப்பிய புகாரையும் அதற்கு வந்த பதிலையும் காட்டி, "கேஸ் ஓடிட்டிருக்கு, ஆறு வருஷம் டைம் இருக்கு" என்பான். தனியார் மருத்துவமனை என்றால் பொதுவாக ஆறு வருஷம் என்பது சரிதான். அரசு மருத்துவமனைக்கு அது கிடையாது. 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்குப் பதிவாகிவிட வேண்டும். மருத்துவமனைக்கோ மலேசிய மருத்துவ மன்றத்துக்கோ எழுதும் புகாரால் அந்தக் கெடு நிற்காது. மருத்துவ மன்றம் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு வாங்கித் தராது.

கடைசியில் ஓர் உண்மையான லாயரிடம் போனோம். அவர் டிஸ்சார்ஜ் தாளில் முதலில் பார்த்தது தேதியைத்தான். 36 மாதம் தாண்டியிருந்தது. அந்த விசிட்டிங் கார்டில் இருந்த நிறுவனத்தைக் கேட்டால், அப்படி ஓர் ஆளும் இல்லை, என் தம்பி பெயரில் ஃபைலும் இல்லை என்றார்கள். முப்பத்து நான்கு வயதுப் பிள்ளை, இனி லாரி ஏற முடியாது. நினைத்தால் வயிறு எரிகிறது.

யார் வந்து பேசினாலும் லாயரின் முழுப்பெயரைக் கேளுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் தேடினால் இப்போது தொழில் நடத்துகிறவரா என்று தெரிந்துவிடும். நேரில் ஆபீசுக்குப் போய், அந்த லாயர் முன்னாலேயே கையெழுத்துப் போடுங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள், தனி ஆள் கணக்கில் வேண்டாம். மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு நீங்களே மருத்துவமனையில் மனு செய்யலாம், அதற்கு ஏஜெண்டு தேவையில்லை. அசல் தாள்களை யாரிடமும் விடாதீர்கள். எங்கள் எக்ஸ்ரே இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். இதேபோல் வார்டு வாசலில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், ரசீது எவ்வளவு மட்டமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய் நீங்களும் ரிப்போர்ட் கொடுங்கள்.