ஜங்ஷன் பக்கத்துச் சொதிக் கடை

திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில், அண்ணாச்சி ஒருவரும் அவருடைய மனைவியும் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது; சொதிக் கடை என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தான சொதியை அன்றாடம் விற்பது சாதாரண வேலையன்று. இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கியாக வேண்டும். சற்றே அசந்தால் திரிந்துவிடும். இங்கே திரிந்த சொதியை நான் கண்டதில்லை. இஞ்சித் துவையலின் உறைப்பும், மொறுமொறுப்புக் குறையாத உருளைக்கிழங்குப் பொரியலும் அதற்குச் சரியான துணை.

இந்தப் பக்குவம் இன்றும் நீடிப்பதற்குக் கைத்திறனைவிட மனத்திடமே காரணம் என்பது என் கணிப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி பெருக்கெடுத்துக் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்தது, ஜங்ஷன் வட்டாரமும் வெள்ளத்தில் நின்றது. இந்தக் கடையில் கிரைண்டர் மோட்டார் போயிற்று, அரிசி மூட்டைகள் ஊறி வீணாயின. அண்ணாச்சி முதலில் செய்தது, வேலையாட்கள் இருவருக்கும் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்ததுதான். அடுத்து, பாக்கி வைத்திருந்த மளிகைக் கடைக்காரரிடம் தாமே போய்த் தவணை கேட்டார். வீட்டுக் கிரைண்டரில் மாவாட்டி, இட்லியும் துவையலும் மட்டும் வைத்துக் கடையைத் திறந்தார். சொதி எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது: “பாதிப் பக்குவத்துல வைக்கதுக்கு, வைக்காமலே இருக்கலாம் சார்.”

மனத்திடம் என்றால் கண்ணைக் கசக்காமல் மார்தட்டி நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். கூச்சமில்லாமல் தொழிலைச் சுருக்கிக்கொள்ளவும், கடன்காரர் முகத்தைப் பார்த்துப் பேசவும், அந்த எரிச்சலை இலையில் உட்கார்ந்தவர்மேல் காட்டாதிருக்கவும் தெரிவதுதான் சிறு கடையைக் காப்பாற்றுகிறது. இப்போது கிரைண்டர் இடுப்புயரத் திண்டில் இருக்கிறது. அரிசி பரணுக்கு ஏறிவிட்டது. ஓய்வில்லாமல் ஓடினால் இருவரும் படுத்துவிடுவோம் என்று மனைவி பிடிவாதம் பிடித்ததால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வாடிக்கையாளர்களுக்கு இதில் வருத்தம்தான். எனக்கும்தான், ஆனால் அவர் சொன்னதே நியாயம்.

குறைகளும் உண்டு. காபி தண்ணீராக இருக்கிறது, கைகழுவும் இடம் வழுக்குகிறது, கூட்ட நேரத்தில் முழங்கை இடிக்காமல் சாப்பிட முடியாது. தீரும் சொதியில் தண்ணீர் விட்டு நீட்டும் வழக்கம் இங்கே இல்லாததால், மதியம் ஒன்றரை மணிக்குமேல் போனால் ரசமும் மோரும்தான் மிஞ்சும். பார்சல் வாங்குவோர் துவையலைத் தனிப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். சொதியை வீட்டில் மறுபடி கொதிக்க வைக்க வேண்டாம்.