ஏ9 வீதியில் அக்காமார் கடை: புட்டுக்குப் போகலாம், இரவுச் சாப்பாட்டை நம்ப வேண்டாம்

கிளிநொச்சிக்குக் கொஞ்சம் தெற்கே, நீலத் தகரக் கூரை போட்ட கடை. மூன்று பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள்.

குரக்கன் புட்டுதான் இங்கே விசேஷம். உதிரி உதிரியாக, தேங்காய்ப்பூ தாராளமாக, கட்டைச் சம்பலோடு தருவார்கள். மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. உழுந்து வடை காலையிலேயே முடிந்துவிடும். சோற்றுக்கு முருங்கையிலைச் சுண்டல் அருமை, பருப்பு சுமார். பிளேன்டீயில் சீனியைக் குறைக்கச் சொல்லியும் பயனில்லை, அதே கைதான் போடுகிறது.

தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற, துப்புரவான கழிப்பறை இருக்கிறது. தூரப் பயணம் போகும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். "கடைக்கு முதல் கக்கூசைத்தான் கட்டினனாங்கள்" என்றார் மூத்த அக்கா. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர். மறைப்பில்லாத இடத்தில் உடுப்போடு குளித்ததையும், இரவில் வெளியே போகப் பயந்து பொழுதுபட்டால் மகளுக்குத் தண்ணீரே கொடுக்காமல் விட்டதையும் புட்டு அவித்தபடியே சொன்னார்.

ஐந்து மணிக்கே பூட்டுகிறார்கள் என்று பலருக்கும் குறை. எனக்கும் ஒருநாள் பசியோடு திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் மூவரும் ஆண் துணையில்லாத வீட்டுக்காரர். இருட்டிய பிறகு குமர்ப்பிள்ளைகளைத் தனியே விட மாட்டார்கள். சரி, வியாபாரத்துக்கு நட்டம்தான், அது அவர்களுக்கும் தெரியும்.

கதிரைகள் ஆடுகின்றன, அட்டையில் காசு கட்ட வசதியில்லை. பெரிதாக்க வங்கிக் கடன் கேட்கலாமே என்றேன். அதற்கு வழியில்லாத கதையைச் சொன்னார்கள். இளையவருக்கு 2008இல் 16 வயதில் கலியாணம். புலிகள் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, கலியாணம் ஆனால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், வன்னியில் பல வீடுகளில் அப்படித்தான் அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். பதிவு செய்யவில்லை. அடுத்த வருடம் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கணவர் காணாமல் போனார். விவாகப் பதிவும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை, காணியோ கணவர் பெயரில். வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது கிழமைக்குக் கிழமை கட்டுகிற, வட்டி கூடிய நுண்கடன். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்தபோது இவருடையது அதற்குள் வரவில்லை. பேரம் பேசுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விலை ஏற்கெனவே பக்கத்துக் கடைகளைவிடக் குறைவு.

வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் விற்கிறார்கள். கறிவேப்பிலை வாசம் தூக்கலாக, நல்ல தூள். கிலோக் கணக்கில் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள். சில்லறையோடு போங்கள்.