கோகோ: போட்டோ இல்லாதவர்கள் எப்படி வருவார்கள்?

தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தோம். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் மழை என்றால் தெரியும்தானே, பிள்ளைகளை வெளியே விட வழியில்லை. தம்பி லெப்டொப்பை டீவியில் மாட்டி 'கோகோ' போட்டான். பிக்சார் நிறுவனம் 2017இல் வெளியிட்ட படம், லீ அன்க்ரிச் இயக்கியது, சிறந்த அனிமேஷன் படத்துக்கும் சிறந்த பாடலுக்கும் ஒஸ்கார் வாங்கியது. எலும்புக்கூடுகளைப் பார்த்துச் சின்னவள் பயப்படுவாளோ என்று நினைத்தேன், அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கதை மெக்சிகோவில். சப்பாத்து தைக்கும் குடும்பம், அந்த வீட்டில் பாட்டு என்ற பேச்சே ஆகாது, ஏனென்றால் பாட்டுக்காக வீட்டை விட்டுப் போன முன்னோர் ஒருவர் திரும்பவே இல்லை. 12 வயது மிகேலுக்கோ பாட்டுதான் உயிர். இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளில் அவன் உயிரோடு அவர்களுடைய ஊருக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: வீட்டுப் படையலில் யாருடைய போட்டோ இருக்கிறதோ அவர்தான் பூப்பாலம் தாண்டி வரலாம்.

தம்பி இதைத் தமிழில் சொன்னதும் அப்பாயி, "போட்டோ இல்லாட்டி வர விடமாட்டாங்களா?" என்று கேட்டார். முதல் நாள் ராத்திரிதான் செத்தவர்களுக்குப் புதுத்துணியும் பலகாரமும் வைத்துக் கும்பிட்டிருந்தோம். அப்பாயியின் அப்பாவுக்குப் போட்டோவே இல்லை. அப்பாயியின் அண்ணன், தோட்டத்துத் தமிழர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். அவருக்கு இருந்த ஒரே படம் பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. அங்கேயே இறந்துவிட்டார் என்று பிறகு ஒரு கடிதம் வந்ததாம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக இருக்கும் லயத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். அதற்குப் பிறகு என்னால் இதைச் சின்னப்பிள்ளைகள் படமாகப் பார்க்க முடியவில்லை.

நடுவில் கொஞ்சம் ஓட்டமும் துரத்தலும் கூடிப்போகிறது, யார் கெட்டவன் என்பதும் முன்னாலேயே பிடிபட்டுவிடும். ஆனால் அந்தப் பாட்டு! மேடையில் ஆரவாரமாக வரும் அதே பாட்டு பிறகு ஒரு அப்பா தன் மகளுக்குப் பாடும் தாலாட்டாக வருகிறது, கடைசியில் மிகேல் அதைத் தன் கொள்ளுப்பாட்டி கோகோவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறான். எல்லாம் மறந்துபோன அந்தக் கிழவியின் சுருங்கிய கன்னம், நாற்காலியில் கிடக்கும் கை, மெதுவாக அசையும் விரல்... வரைந்த உருவம் என்ற நினைப்பே வரவில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லக்கூடாது. 105 நிமிடம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கூட உட்காரவைத்துப் பாருங்கள், மொழி புரியாவிட்டால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள்.

படம் முடிந்தும் அப்பாயி எழும்பவில்லை. அண்ணன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது பாடுவாராம், அதில் இரண்டு வரி பாடினார், மூன்றாவது வரி ஞாபகம் வரவில்லை. தம்பி போனில் ரெக்கோட் பண்ணி வைத்திருக்கிறான்.