கடையில் கலக்குவதா, வீட்டில் கலக்குவதா? ட்ரை சிரப் பாட்டிலும் அதற்கான தண்ணீரும்

"அண்ணா, நீங்களே கலக்கிக் குடுத்துருங்க."

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா?"

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ குழந்தைக்கு ட்ரை சிரப், அதாவது தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டிய தூளாக வரும் ஆன்டிபயாட்டிக், வாங்கும்போது இந்தக் கேள்வியும் சேர்ந்து வந்தால் பாதி வேலை ஒழுங்காக நடந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் கூட்டம் இருந்தால் பெரும்பாலும் வராது. பில்லோடு பாட்டிலும் கைக்கு வரும், "கோடு வரைக்கும் தண்ணி ஊத்திக் குலுக்குங்க" என்று ஒரு வரி கூடவே வரும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இடறல் இருக்கிறது என்று பார்த்தால்தான் கடையில் கலக்குவது நல்லதா, வீட்டில் கலக்குவது நல்லதா என்று சொல்ல முடியும்.

முதலில், ஏன் தூளாகவே வருகிறது? அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து தண்ணீரில் நீண்ட நாள் நிற்காது. இரண்டில் முதலில் சிதைவது கிளாவுலனேட். அமாக்ஸிசிலினை உடைக்கக் கிருமி சுரக்கும் நொதியைத் தடுப்பதே அதன் வேலை. அது போய்விட்டால் பாட்டிலில் வெறும் அமாக்ஸிசிலின்தான் மிச்சம். நிறம், மணம் எல்லாம் அப்படியே இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கலக்கியபின் 2 முதல் 8 டிகிரி குளிரில் வை, 7 நாளில் முடி என்று லேபிளில் போட்டிருக்கிறது. கலக்கும் நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

இங்கேதான் கடைக்கும் வீட்டுக்கும் முதல் வித்தியாசம். கடையில் கலக்கினால் கடிகாரம் கடையிலேயே ஓட ஆரம்பிக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் வாங்கி இரண்டு தெரு தள்ளி வீடு என்றால் கவலையே இல்லை. அங்கிருந்து எண்ணூருக்கு பஸ்ஸில் போகிறவருக்கு, அதுவும் மே மாத மதியத்தில், தூளாகவே கொண்டுபோவதுதான் புத்தி. ஒரு மணி நேர வெயிலில் மருந்து செத்துவிடாது. ஆனால் வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வழியில் இரண்டு வேலை பார்த்துவிட்டு வருகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

கடை ஜெயிப்பது இரவு நேரத்தில். ஒன்பது மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், குழந்தைக்குக் காய்ச்சல், முதல் வேளை உடனே கொடுக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் காய்ச்சி, அது ஆறுவதற்குள் குழந்தை தூங்கிவிடும். பொறுமை இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றிவிடுவார்கள். சூடு இந்த மருந்துகளை வேகமாகச் சிதைக்கும். வீட்டில்தான் கலக்கியாக வேண்டுமென்றால், காய்ச்சிய தம்ளரை மூடி ஒரு பாத்திரம் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆறிவிடும். தம்ளரின் வெளிப்பக்கம் கைக்குச் சூடு தெரியக் கூடாது, அதுதான் அளவு. ஃப்ரிட்ஜ் தண்ணீரும் வேண்டாம், தூள் சட்டென்று கரையாமல் கட்டிதட்டும்.

எந்தத் தண்ணீர்

அட்டைப்பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் சுத்திகரித்த தண்ணீர் வைத்து வரும் பிராண்டுகளும் உண்டு, வெறும் தூள் பாட்டிலாக வருவதும் உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் குப்பி வைத்ததைக் கேட்டு வாங்குவதே மேல். அந்தக் குப்பியில் ஒரே ஒரு தப்புதான் நடக்கும்: முனையைத் திருகி உடைத்துவிட்டு முழுதாகப் பிழியாமல் கொஞ்சம் தண்ணீரை உள்ளேயே விட்டுவிடுவது. பிழிந்து, திருப்பிப் பிடித்து, மறுபடி பிழிய வேண்டும்.

குப்பி இல்லாதபோது கடைக்காரர் எதை ஊற்றுகிறார் என்று பாருங்கள். மூடிய குடிநீர் பாட்டிலை அப்போது திறந்து ஊற்றினால் சரி. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கேனிலிருந்து, நாள் முழுக்க எல்லோரும் குடிக்கிற அதே தம்ளரில் பிடித்து ஊற்றினால் வாயைத் திறந்து, "அண்ணா, வேணாம், வீட்ல கலக்கிக்கறோம்" என்று சொல்லிவிடலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

வீட்டுத் தண்ணீரில் வடசென்னைக்கு ஒரு தனிச் சிக்கல். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை ஊருக்கே தெரியும். கரையோரத்தில் போர் போட்டால் பல இடத்தில் உப்புத்தான். 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்த பிறகும், வீட்டுக்குள் குடத்தில் இருப்பது மெட்ரோ தண்ணியா, லாரித் தண்ணியா, போர் தண்ணியா என்பது தெருவுக்குத் தெரு மாறும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். ஆகவே உப்புக் கரிக்கும் தண்ணீரைக் காய்ச்சிப் பயனில்லை. மெட்ரோ தண்ணீரோ, கேன் தண்ணீரோ, அதை நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று விட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து ஊற்றலாம். 30 மில்லி பாட்டிலுக்கு அரைத் தம்ளர் காய்ச்சினாலே மிஞ்சும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை "சுத்தமானதுதானே" என்று நினைப்பவர்கள் உண்டு. அது குடிப்பதற்காகச் செய்ததல்ல, தொடவே வேண்டாம். பால், ஜூஸ் எதையும் பாட்டிலுக்குள் ஊற்றக் கூடாது.

கோடா, அளவா

ஊற்றுவதில் இரண்டு முறை. பாட்டிலின் மேல் உள்ள கோடு அல்லது அம்புக்குறி வரை நிரப்புவது ஒன்று. மெஷரிங் சிலிண்டரிலோ சிரிஞ்சிலோ இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றுவது மற்றொன்று. எதைச் செய்ய வேண்டும் என்பதை லேபிளே சொல்லும். இரண்டையும் குழப்புவதுதான் ஆபத்து.

"30 மில்லி பாட்டில், அதனால் 30 மில்லி தண்ணி" என்று ஊற்றுவது படித்தவர்கள் வீட்டிலும் நடக்கும் தப்பு. 30 மில்லி என்பது கலக்கி முடித்தபின் மொத்த அளவு. தூளுக்கும் இடம் வேண்டும். 5 மில்லிக்கு 228.5 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் மொத்த மருந்து 1371 மில்லிகிராம். தூள் 4 மில்லி இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லி தண்ணீர் ஊற்றினால் மொத்தம் 34 ஆகிவிடும், 5 மில்லியில் சுமார் 202 மில்லிகிராம்தான் இருக்கும். கோட்டுக்கு 4 மில்லி கீழேயே நிறுத்தினால் மொத்தம் 26, அப்போது 5 மில்லியில் சுமார் 264. முதல் குழந்தைக்கு மருந்து குறைகிறது. இரண்டாவது குழந்தைக்குக் கூடுகிறது, வயிற்றுப்போக்கும் கூடலாம். வேளைக்கு 3 மில்லி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் என்று எழுதிய பாட்டில் ஐந்தாம் நாள் காலையில் வறண்டால், சிந்தியது போக மீதிக் காரணம் பெரும்பாலும் இந்தக் கோடுதான்.

கோட்டு முறையில் நுரையும் ஏமாற்றும், அடியில் ஒட்டிய தூளும் ஏமாற்றும். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினால் தூளின் ஒரு பகுதி அடியில் கல்லாக உட்கார்ந்துவிடும். பிறகு அது கரையும்போது மட்டம் கீழே இறங்கும். அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, மூடியைத் திறக்காமல் பாட்டிலை உள்ளங்கையில் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, மூடி, தலைகீழாகத் திருப்பி வேகமாகக் குலுக்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கட்டி இல்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் வைத்து நுரை அடங்கியதும், பாட்டிலைச் சமமான இடத்தில் நிறுத்தி, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து மீதியை ஊற்ற வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மறுபடி குலுக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர்கள் பாட்டிலைச் சாய்த்துத்தான் பிடிப்பார்கள்.

அளந்து ஊற்றும் முறையில் இந்த வம்பு எதுவும் இல்லை. லேபிள் சொன்ன மில்லியை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்கினால் முடிந்தது, மேலே சேர்க்க வேண்டியதில்லை. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். லேபிளில் மில்லி எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அளவு முறைக்கே போகலாம். கோடு மட்டும் இருந்தால், பழகிய கை உள்ள கடைக்காரரிடம் கலக்கிக்கொள்வதே என் ஓட்டு. ஒரு நாளைக்கு நாலு பாட்டில் கலக்குகிறவர் கண்ணும், வருஷத்துக்கு ஒரு பாட்டில் கலக்குகிற தாயின் கண்ணும் ஒன்றல்ல.

கலக்குவதற்கு முன்பே தூள் கட்டிதட்டியோ பழுப்பேறியோ இருந்தால் உள்ளே ஈரம் போய்விட்டது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் கலக்கினால் இதைப் பார்க்கும் வாய்ப்பு அங்கேயே கிடைக்கிறது, வீட்டில் பார்த்தால் மறுபடி நடை. இன்னொன்றும் கடையிலேயே பார்க்க வேண்டியது: 228.5, 457 இரண்டும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வரும். சீட்டில் ஒன்று எழுதி கையில் மற்றொன்று வந்தால் அதே 5 மில்லியில் மருந்து இரட்டிப்பு அல்லது பாதி.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு

ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள் நடுத் தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும், ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். விதிவிலக்கு கிளாரித்ரோமைசின். அதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. "ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஃப்ரிட்ஜில்" என்ற பொது விதி அங்கே தவறும்.

ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பலர் கேட்பது மண்பானை. பானை குளிர்வது நீர் ஆவியாவதால். நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி, ஆவியாவது குறைவு, பானைத் தண்ணீர் குடிக்க இதமாக இருக்குமே தவிர 8 டிகிரி பக்கம் கூடப் போகாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி குளிர்விக்கும்தான், ஆனால் ஏழு நாளும் காலை மாலை ஐஸ் மாற்ற யாருக்கு முடியும்?

செஃபிக்ஸைம் போன்றவை கலக்கியபின் அறை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் லேபிள் சொல்லும் அறை வெப்பம் 25, 30 டிகிரி. கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டின் அலமாரி அதைத் தாண்டிவிடும், தரையோரம் இருட்டான மூலையே மேல். அஸித்ரோமைசின் பல பிராண்டுகளில் கலக்கத் தேவையில்லாத திரவமாகவே 15 மில்லி பாட்டிலில் கிடைக்கிறது. எல்லாவற்றையும் விட எளியது டிடி எனப்படும் கரையும் மாத்திரை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பரிந்துரைப்பது 250 மில்லிகிராம் அமாக்ஸிசிலின் டிடியைத்தான். ஒரு ஸ்பூன் ஆறிய தண்ணீரில் போட்டால் மூன்று நிமிடத்துக்குள் கரைந்துவிடும், கோடும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. ஒரே குறை, 3.5 மில்லி என்று நுணுக்கிக் கொடுக்க முடியாது, மாத்திரையை அரையாகத்தான் உடைக்கலாம். இந்த மாற்றங்களில் எதையும் கடையில் நின்று நாமே முடிவு செய்யக் கூடாது. ஆனால் டாக்டர் எழுதும்போதே, "டாக்டர், வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

கொடுக்கும் கருவியைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை: மில்லி குறித்த சிரிஞ்ச், அல்லது பாட்டிலோடு வரும் மூடி. பாலாடையில் ஊட்டுவது நம் வழக்கம், ஊட்டட்டும். ஆனால் சிரிஞ்சில் அளந்த பிறகு பாலாடைக்கு மாற்றி ஊட்டுங்கள், பாலாடைக்கு அளவு கிடையாது. ஒவ்வொரு முறையும் எடுக்கும் முன் குலுக்க வேண்டும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாள்களில் நீர்த்த மருந்தும் கடைசியில் கெட்டியான மருந்தும் குழந்தைக்குப் போகும்.

வேளைக்கு 4 மில்லி, இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் 40 மில்லி வேண்டும், இரண்டு பாட்டில். கடையில் கேட்டால் வேகத்தில் இரண்டையும் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதல் பாட்டில் நான்காம் நாள்தான் தீரும், அதுவரை இரண்டாவது தூளாகவே இருக்கட்டும். முதலாவதைக் கடையில் கலக்கி, கலக்கிய தேதியும் நேரமும் லேபிளில் பேனாவால் எழுதி வாங்குங்கள். இரண்டாவதை நான்காம் நாள் அதே கடைக்கு எடுத்துப் போகலாம், அல்லது காலையிலேயே அரைத் தம்ளர் தண்ணீர் காய்ச்சி மூடி வைத்துவிடலாம்.